பத்துப் படகுகளின் பின்பக்கம்

மீனுக்கு விலை சொல்ல அவளுக்கு மூன்று மூச்சு போதும். முதல் மூச்சில் மீனைப் பார்ப்பாள், இரண்டாவதில் வெயிலைப் பார்ப்பாள், மூன்றாவதில் வாங்க வந்தவளின் முகத்தைப் பார்ப்பாள். அதற்குள் விலை நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும். இருபத்தாறு வருஷமாகச் சந்தையின் ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று பிழைக்கிறவள். பேரத்தில் அவளை ஜெயித்தவர்கள் என்று சந்தையில் இரண்டு பேரைச் சொல்வார்கள், அதில் ஒருத்தி ஊரைவிட்டே போய்விட்டாள். அப்பேர்ப்பட்டவள் தன் அண்ணனுடைய பத்து ஸ்டாம்புக்கு விலை போடத் தெரியாமல் இரண்டு நாளாகப் போனை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாள்.

"மீனும் இல்ல, வெயிலும் இல்ல, மூஞ்சியும் இல்ல. எதைப் பார்த்துடி விலை சொல்றது?" என்று பக்கத்துக் கடை நண்டுக்காரியிடம் புலம்பினாள்.

"எவ்ளோ பெருசு இருக்கும்?"

"ரெண்டு கட்டைவிரல் நகத்தைச் சேர்த்து வச்ச மாதிரி."

"அவ்ளோதானா? தராசுல போட்டா காத்துதான் நிக்கும். சும்மா குடுத்துட்டு வா."

"பத்தும் சேர்ந்து இருபதாயிரத்துக்கு மேல போகுமாம்."

நண்டுக்காரியின் கையிலிருந்த நண்டு நழுவிக் கீழே விழுந்து, இதுதான் சமயமென்று சாக்கடைப் பக்கம் ஓடியது. இரண்டு பேரும் வியாபாரத்தை விட்டுவிட்டு அதைத் துரத்திக்கொண்டு போனார்கள்.

அண்ணன் குடிதண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டாமல் தங்கச்சி வீட்டிலேயே மாடி அறையில் இருந்தார். தெருவில் அவருக்குப் பெயர் பல்லெண்ணி. ஸ்டாம்பின் ஓரத்துப் பற்களை ஒரு சின்ன அளவுகோலில் வைத்து நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பார், அதனால் வந்த பெயர். ஒருமுறை யாரோ வெளியூர்க்காரர் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து வாயைத் திறந்து காட்டிய கதை இன்னும் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மனிதருக்குத்தான் இப்போது கண் போய்க்கொண்டிருந்தது. முழுசாக இருட்டவில்லை. நேராக எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் புகை. தங்கச்சி எதிரில் வந்து நின்றால், "உன் காது தெரியுது, கம்மல் தெரியுது, தலைமுடி தெரியுது. மூக்கு இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்ல" என்பார். "அப்ப என் அழகுல பாதி போச்சே" என்று அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு, கீழே வந்து அடுப்படியில் நின்று அழுவாள். டாக்டர் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார். மாசத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி, ஒவ்வொன்றும் எட்டாயிரம். முதல் ஊசி இந்த மாசம் முடிவதற்குள் போட்டே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் புகை அப்படியே தங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

"அந்தப் பத்து ஸ்டாம்பு, படகு வரிசைய வித்துடு. ஏமாறக் கூடாது, ஏமாத்தவும் கூடாது" என்றார் அண்ணன்.

அன்று மத்தியானம் சந்தை முடிந்து வந்ததும் மாடியேறினாள்.

"கை கழுவினியா?"

"ரெண்டு தடவை."

"சோப்பு போட்டு?"

"சோப்பு போட்டாச்சு, எலுமிச்சம்பழம் தேய்ச்சாச்சு. இனிமே தோலை உரிச்சாத்தான் உண்டு."

அண்ணன் தகர டப்பாவைத் திறந்து, கண்ணாடித்தாள் உறையை இடுக்கியால் எடுத்து மேஜைமேல் வைத்தார். பத்துப் படகுகள். பாய்மரம், துடுப்புப் படகு, பரிசல், இழுவைப் படகு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். முதல் சம்பளம் வாங்கின அன்றைக்கு, தபால் ஆபீஸ் ஜன்னல் திறப்பதற்கு முன்பே போய் நின்று வாங்கினது. நாற்பது வருஷத்தில் ஒருநாள்கூட அதை அவர் வெறும் விரலால் தொட்டதில்லை.

அவள் போனில், ஸ்டாம்பு விற்கிற தளத்தில் தேடினாள். ஓட்டல்களுக்கு மீன் படம் அனுப்பிப் பழகின கை, தேடலெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

"அண்ணே! இதே பத்துப் படகு, ஒருத்தன் ஒரு லட்சம் போட்டிருக்கான்! நம்ம யோகத்தைப் பாரு!"

"எத்தனை நாளா போட்டு வச்சிருக்கான்?"

"இரு... அட, ரெண்டு வருஷமா கிடக்கு."

"கேக்கறதுக்கு என்ன, வாய்தானே. கேட்ட விலைய விடு. அந்தப் பக்கத்துலயே வித்து முடிஞ்சதுன்னு தனியா ஒரு எடம் இருக்கும், அதைத் திற."

திறந்தாள். அவளுக்கு அது புது உலகமாக இருந்தது. சந்தையில் அடுத்த கடைக்காரி என்ன விலைக்கு விற்றாள் என்பது சத்தியம் பண்ணிக் கேட்டாலும் வெளியே வராத ரகசியம். இங்கே எல்லாம் பப்பரப்பா என்று கிடந்தது. இருபத்தாறு, இருபத்தொன்று, இருபத்துமூன்று. அதற்குக் கீழே ஏழு, ஆறரை.

"என்னண்ணே இது? ஒரே படகு, ஒரே வரிசை. இது ஏன் இருபத்தாறுக்குப் போச்சு, அது ஏன் ஏழுக்குப் போச்சு?"

"அப்படிக் கேளு!" அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே நாற்பது வருஷம் காத்திருந்தவர் மாதிரி இருந்தது. "பல்லு எல்லாம் முழுசா இருக்கணும். படம் சரியா நடுவுல அச்சாகி இருக்கணும். வெயில் பட்டு வெளுத்திருக்கக் கூடாது. எல்லாத்தையும் விட, பின்பக்கம் பசை இருக்கணும். வெளியான அன்னிக்கு அச்சாபீஸ்ல தடவின அதே பசை."

"பசையா? ஒட்டுறதுக்குத்தானே பசை? ஒட்டினா போயிடுமே."

"ஒட்டாத வரைக்கும்தான் இந்த விலை."

"நல்லா இருக்கே கூத்து! ஆல்பத்துல வச்சப்புறம் பின்பக்கத்தை எவன் பார்க்கப் போறான்? பார்க்காத பக்கத்துக்கா பதினஞ்சாயிரம் வித்தியாசம்?"

"உன்கிட்ட மீன் வாங்க வர்றவ முதல்ல எதைத் தூக்கிப் பார்ப்பா?"

"செவுளை."

"சமைச்சுத் திங்கும்போது செவுளையா திங்கிறா?"

அவள் வாயைப் பிளந்தாள். "அட! செவுளா இது!" என்று தொடையில் தட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே விளங்கின மாதிரி இருந்தது. ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்து, இது ஐஸில் வைத்த மீன், இது அடிபட்ட மீன் என்று தரம் பிரிக்க ஆரம்பித்தாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி, இருபத்தாறு போடவா? அடிச்சுக் கேட்டா இறங்கி வரலாம்."

"வேண்டாம். நம்ம மூணாவது படகு கொஞ்சம் எடதுபக்கம் ஒதுங்கி அச்சாகியிருக்கு. இருபத்திரெண்டு போடு."

"மூணு ஊசிக்கு இருபத்திநாலு வேணும்ணே."

"ஊசி விலை ஊசிக்கு, ஸ்டாம்பு விலை ஸ்டாம்புக்கு. என் கண்ணு கெட்டதுக்கு வாங்குறவன் ஏன் அபராதம் கட்டணும்?"

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பத்துப் படகு வரிசை. பயன்படுத்தாதது. பற்கள் முழுமை. மூன்றாவது படகு சற்று இடப்பக்கம் ஒதுங்கியது. பின்பக்கம் அசல் பசை, கைபடாதது.

மறுநாள் அவள் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது போன் கத்தியது. 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: விலை சம்மதம். பின்பக்கத்தின் படம் போடுங்கள், பார்த்ததும் பணம் அனுப்பிவிடுகிறேன்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மிச்ச மீனை நண்டுக்காரியின் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போட்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று டப்பாவைக் கீழே எடுத்து வந்து, ஜன்னலோரம் வெள்ளைத் துண்டை விரித்தாள். கையைக் கழுவி, உறையிலிருந்து இடுக்கியால் முதல் படகை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பின்பக்கம் வழவழவென்று, ஒரு கோடு இல்லாமல், ஒரு புள்ளி இல்லாமல் மின்னியது. நல்ல செவுள்தான் என்று நினைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

இருபத்தாறு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? செவுளைப் பார்த்தால் மூக்கு தானாகக் கிட்டே போகும். போனது.

கிராம்பு வாசம் அடித்தது.

இரண்டாவது படகைக் கவிழ்த்து முகர்ந்தாள். கிராம்பு. மூன்றாவதிலும் கிராம்பு. அந்த வாசனை அவளுக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து அதன் பக்கத்தில்தான் படுத்து எழுந்திருக்கிறாள். அவள் புருஷன் புத்தகம் பைண்டிங் செய்கிறவர். மாவைக் கரைத்துக் காய்ச்சும் பசையில், பூச்சி அரிக்காமல் இருக்க இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுவார். "உன் மேல மீன் வாசம், என் மேல கிராம்பு வாசம். சேர்த்தா மசாலா போட்ட மீன்" என்று கல்யாணமான புதிதில் சொன்னவர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எந்த அச்சாபீஸிலும் ஸ்டாம்புக்குக் கிராம்பு போட்டிருக்க மாட்டார்கள்.

பைண்டிங் கடை இரண்டு தெரு தள்ளி. அவள் போனபோது பைண்டர் முக்காலியில் உட்கார்ந்து, நூலகத்துப் பழைய அகராதி ஒன்றைக் கட்டுக் கட்டாகப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். வாயில் மெழுகு நூல். பக்கத்து அடுப்பில் பசை கொப்பளித்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன இந்த நேரத்துல?" என்றார்.

அவள் உறையை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். நூலை வாயிலிருந்து எடுத்தார்.

"எப்ப?" என்றாள்.

"நாலு வருஷம் ஆச்சு. மச்சான் வெளியூர் வேலைக்கு ரெண்டு மாசம் போனாரே, அப்ப. மாடியில ஒழுகிச்சு. டப்பாக்குள்ள தண்ணி போயிடுச்சு. பத்தும் உறையோட உறையா ஒட்டிக்கிச்சு."

"ஒண்ணும் ஆகலன்னு சொன்னீங்களே!"

"பிச்சு எடுத்தா கிழிஞ்சிடும்னு தண்ணியில மிதக்க விட்டேன். மூணு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்டி. ஒவ்வொண்ணா தானா கழண்டு வந்துச்சு. வந்தப்புறம் பின்பக்கத்தைப் பார்த்தா வெறுங்காகிதம். பார்க்கவே சகிக்கல. மனசு கேக்கல, நம்ம பசைய நீர்க்கக் கரைச்சு, மயிரிழை பிரஷால ஒரு பூச்சு குடுத்தேன். அச்சுக்கட்டையில வச்சு அழுத்தினேன். எங்கயாவது ஒரு சுருக்கம் இருக்கான்னு காட்டு பார்ப்போம்."

கடைசி வாக்கியத்தில் தொழில்காரனின் கர்வம் எட்டிப் பார்த்தது. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பெருமை வேறயா? அது மோசடிங்க!"

"என்னடி மோசடி? அட்டை கிழிஞ்சு வந்தா அட்டை போடுறேன். முதுகு போனா முதுகு கட்டுறேன். பசை போச்சு, பசை போட்டேன். ரிப்பேர் பண்றது எப்படித் தப்பாகும்?"

"தப்பில்லன்னா நாலு வருஷமா ஏன் வாயைத் திறக்கல?"

பைண்டர் அடுப்பை அணைத்தார். பசை ஒருமுறை கொப்பளித்து அடங்கியது.

"அவரு அந்த டப்பாவைத் திறந்து பார்க்கும்போது மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். எனக்கு தைரியம் வரல." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "படத்துல வாசம் வராது. இருபத்திரெண்டாயிரம் கையில இருக்கும். மூணு ஊசில ரெண்டே முக்கால் ஊசி. மிச்சத்தை நான் புரட்டிடுறேன்" என்றார்.

அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் கண்ணைவிட யாரோ முகம் தெரியாதவன் பெரிசா?

"நேத்து மீனை இன்னிக்கு மீன்னு நீ வித்ததே இல்லையா?" என்றார் பைண்டர்.

"வித்திருக்கேன். ஏன் விக்கல? ஆனா வாங்குறவ செவுளைத் தூக்குவா, அமுக்கிப் பார்ப்பா, மோந்து பார்ப்பா, என்னையும் நாலு வார்த்தை கேப்பா. அவளுக்குக் கையும் மூக்கும் இருக்கு, எனக்கு வாய் இருக்கு. சரிக்குச் சரி. இவன் எங்க இருந்து மோந்து பார்ப்பான்? நாம சொல்றதை நம்பித்தானே காசைக் கட்டுறான்?" அவள் உறையை வாங்கிக்கொண்டாள். "கடைய சாத்திட்டு வாங்க. அண்ணன்கிட்ட சொல்லணும்."

"நீ சொல்லு. நான் அப்புறமா..."

"பூசினது நானா? வாங்க."

அண்ணன் எழுந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பைண்டர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். தேநீரில் ஆடை படிந்தது.

"குடு" என்று அண்ணன் கையை நீட்டினார்.

அவள் இடுக்கியைக் கொடுத்தாள். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் விரல்களால் முதல் படகை எடுத்தார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது. கட்டைவிரலால் ஸ்டாம்பின் ஓரத்தை மெல்லத் தடவினார்.

"பல்லு விறைப்பா குத்துது. தாள்ல இருந்து கிழிச்ச பல்லு பஞ்சு மாதிரி இருக்கும். பசை நுனி வரைக்கும் ஏறியிருக்கு." ஸ்டாம்பை மேஜைமேல் வைத்தார். "நான் என்ன செத்தா போயிருந்தேன் மாப்ளே? திரும்பி வந்தன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? அன்னிக்கு அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டேன். அவ்ளோதானே? இன்னிக்கு ஊர் பேர் தெரியாதவன்கிட்ட அசல் பசைன்னு என் வாயால சொல்ல வச்சுட்டீங்களே!"

"தப்புதான் மச்சான்" என்றார் பைண்டர்.

அண்ணன் இரண்டாவது படகை எடுத்தார். அதன் நாலு ஓரத்தையும் தடவினார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாவது, நான்காவது என்று பத்தையும் எண்ணி முடிக்கிறவரை மற்ற இருவரும் அசையாமல் நின்றார்கள்.

"ஒரு பல்லு போகல" என்றார் கடைசியில்.

பைண்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஊறி ஒட்டிக்கிட்ட பத்து ஸ்டாம்பை ஒரு பல்லு போகாம எடுத்திருக்கீங்க. நான் எடுத்திருந்தா நாலைக் கிழிச்சிருப்பேன். உள்ள வந்து உக்காருங்க."

பைண்டர் வந்து தரையில் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அவள் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் உள்ளதை எழுதி விலையைக் குறைச்சுப் போட்டுடுறேன்ணே. பசை பின்னாடி பூசினதுன்னு."

"பத்தாது. கழுவணும்."

"கழுவணுமா? அதான் எழுதிடுறோமே?"

"நீ எழுதுவ, வாங்குறவன் படிப்பான். நாளைக்கு இவன் இன்னொருத்தனுக்கு விக்கும்போது எழுதுவானா? அவன் அடுத்தவனுக்கு?" அண்ணன் மைத்துனர் இருந்த திசையில் முகத்தைத் திருப்பினார். "மோசமா பூசியிருந்தா பார்த்தவுடனே தெரிஞ்சிடும், கவலை இல்ல. நீங்க ரொம்ப நல்லா பூசியிருக்கீங்க மாப்ளே. அதான் ஆபத்து."

மீன் அலசாத புதுத் தட்டு ஒன்று வீட்டில் இருந்தது, வெள்ளை எனாமல் தட்டு. அதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மேஜைமேல் வைத்தாள். பைண்டரே ஒவ்வொன்றாக இறக்கினார். பத்துப் படகுகளும் படம் மேலே தெரிய மிதந்தன. அறை முழுக்கக் கிராம்பு வாசம் எழுந்தது. அவள் மூச்சை இழுத்து விட்டாள். கோபம் இருந்த இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது.

"என்னடி சிரிப்பு?"

"இல்லண்ணே, நாப்பது வருஷம் கழிச்சு இப்பதான் உன் கண்ணு முன்னாடி தண்ணியில போகுது எல்லாப் படகும்."

அண்ணன் தட்டுக்கு நேராகப் பார்க்காமல், தலையை ஒருச்சாய்த்து, கடைக்கண்ணால் பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் அவருக்குக் கொஞ்சமாவது தெரியும். "பாய்மரம் முன்னாடி போகுதா?" என்று கேட்டார். "ஆமா மச்சான், பரிசல்தான் பின்தங்குது" என்றார் பைண்டர். நீர்த்துப்போன தன் பசையைத் தண்ணீரில் விரலால் கலைத்து விட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுத்தபோது பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அவள் முகர்ந்து பார்த்தாள். காகித வாசம் மட்டும்.

பூதக்கண்ணாடிக்கு நடந்ததை எல்லாம் எழுதினாள். சந்தையில் பேசுகிற மாதிரியே எழுதிவிட்டாள்: பின்பக்கம் இப்ப வெறும் காகிதம். முன்னாடி இருந்தது என் வீட்டுக்காரர் பூசின பசை. நாங்க முதல்ல எழுதினது தப்பு, மன்னிச்சுக்கங்க. இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி, எனக்குப் பசையோடுதான் வேண்டும், வேண்டாம். அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதற்கு ஒரு நூறு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க மாட்டானா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"இனிமே என்ன விலை? எட்டு போடட்டுமா? ஒரு ஊசிக்காவது ஆகும்."

"ஊசி விலை ஊசிக்கு."

"தெரியும் தெரியும். அப்ப பசை இல்லாதது ஏழுக்குத்தானே போயிருக்கு? ஏழு." ஒரு ஊசிக்குக்கூட ஆயிரம் துண்டு விழுகிறதே என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அவசரப்படாதே. அந்த ஏழுக்குப் போனதைப் பெருசு பண்ணிப் பாரு. ஓரத்தைப் பாரு. பல்லை எண்ணு."

அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து எண்ணினாள். பல்லெண்ணியின் தங்கச்சி பல்லெண்ண ஆரம்பித்துவிட்டாள் என்று தெருவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். "அண்ணே, நாலாவது படகுல ரெண்டு பல்லு இல்ல. ஒன்பதாவதுல ஒரு மூலையே மொட்டை!"

"ஆறரைக்குப் போனது?"

"அது வெளுத்துப்போயிருக்கு. செத்து ரெண்டு நாள் ஆன மீனு."

"நம்மளது?"

"முழுசு. நிறமும் அப்படியே இருக்கு."

"அப்ப எட்டரை போடு. இதுல தயவு ஒண்ணும் இல்ல. அந்த ஒண்ணரை ஆயிரம் பல்லுக்கும் நிறத்துக்கும் உண்டான விலை." கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ளே பக்கத்துலயே மூணு மணி நேரம் உக்காந்திருந்தாரே, அதுக்கும்" என்றார்.

முதல் நாள் போன் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. சந்தையில் மழை பிடித்துக்கொண்டது. ஐஸ் கரைந்தது, ஆள் வரவில்லை, அவளுக்கு எல்லார்மேலும் எரிச்சலாக இருந்தது. மாசம் முடிய ஆறு நாள்தான் பாக்கி. விலையை இறக்கிவிடலாமா என்று அண்ணனிடம் கேட்டதற்கு, "சாயந்திரமானா நாறிப்போறதுக்கு இது மீனா?" என்று கேட்டுவிட்டார்.

நாலாம் நாள் யாரோ ஒருவர் எட்டரையைக் கட்டிவிட்டார். ஒரு கேள்வி இல்லை, ஒரு வணக்கம் இல்லை. முகவரி மட்டும் வந்தது.

"பேரம் இல்ல, திட்டு இல்ல, 'இந்த விலைக்குத் தங்கமே வாங்கலாமே'ன்னு ஒரு பேச்சு இல்ல. இதெல்லாம் ஒரு வியாபாரமாண்ணே?" என்று அவள் அங்கலாய்த்தாள். ஆனால் போனைக் கீழே வைக்கவே மனசில்லை.

கட்டி அனுப்பும் வேலையைப் பைண்டர் எடுத்துக்கொண்டார். இரண்டு கெட்டி அட்டை, நடுவில் மெழுகுத்தாள், நாலு பக்கமும் மடிப்புக்குள் மடிப்பாகச் செருகி, ஒரு பெட்டி மாதிரி செய்தார். குலுக்கினாலும் பிரியவில்லை. கொண்டுவந்து மச்சான் கையில் கொடுத்தார். அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார், திருப்பினார், மூக்கருகே கொண்டுபோனார்.

"பசை?"

"ஒரு சொட்டு இல்ல மச்சான். எல்லாம் மடிப்புதான்."

"அதானே. நம்ம வீட்டுல பசையுள்ள ஆளு இருந்தா ஸ்டாம்பை ஏன் விக்கிறோம்?" என்றார் அண்ணன். மூன்று பேரும் சிரித்தார்கள். ரொம்ப நேரம் சிரித்தார்கள், சிரிப்பு தேவைப்பட்டது.

மாசம் முடிய ஒருநாள் இருக்கும்போது முதல் ஊசி போட்டார்கள். கண்ணைக் கட்டி அனுப்பினார்கள், மறுநாள் அவிழ்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை. அடுத்த ஊசிக்காகப் பறவை ஆல்பத்தை எடுத்து, சந்தை முடிந்த மத்தியானங்களில் ஒவ்வொரு பக்கமாக விலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்ட விலை, விற்ற விலை, பல், நிறம், செவுள். பைண்டரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதுல நான் கை வைக்கல, சத்தியமா" என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் போயிருக்கும். அவள் ஒரு மீன்கொத்தி ஸ்டாம்பை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் அதைப் பார்க்காமல் அவளையே பார்த்தார். தலையைச் சாய்க்காமல், நேராக.

"என்னண்ணே?"

"கொஞ்சம் அசையாம இரு."

அவள் அசையாமல் இருந்தாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

"புகைக்கு நடுவுல ஏதோ நீட்டிக்கிட்டு இருக்கு" என்றார். "மூக்கு மாதிரி தெரியுது."

"மாதிரியா? என் மூக்குக்கு என்ன குறைச்சல்? முழு விலைக்குப் போற மூக்கு இது" என்றாள். சொல்லும்போதே கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"மேல சொட்டிடாதே! பின்பக்கம் பசை இருக்கு!" என்று பைண்டர் பதறிப்போய் மீன்கொத்தியை அவள் கையிலிருந்து வாங்கினார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், கையை மறுபடி கழுவிக்கொண்டு வந்தாள். இடுக்கியை வாங்கி, ஸ்டாம்பைக் கவிழ்த்து, விலை போடுவதற்கு முன்னால் ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.